ஆகஸ்ட் வில்சனை எப்படி வழியனுப்புவது? நாடக நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அக்டோபர் 2005



ஆகஸ்ட் வில்சன் இம்மாதம் 2ஆம் தேதி சியாட்டிலில் காலமானார். கல்லீரலில் புற்றுநோய். அறுபது வயது. ஜூன் மாதம் நோய் தெரிந்தது. ஆகஸ்டில், தான் பிழைக்கப்போவதில்லை என்பதைத் தம் ஊர்ப் பத்திரிகை வழியாக அவரே எல்லோருக்கும் சொன்னார். அக்டோபர் பிறந்ததும் போய்விட்டார். 8ஆம் தேதி பிட்ஸ்பர்க்கில் இறுதிச் சடங்கு. அவர் பிறந்து வளர்ந்த ஹில் பகுதியின் தெருக்கள் வழியாக ஊர்வலம் போனது. விண்டன் மார்சாலிஸ் ட்ரம்பெட் வாசித்தார். 16ஆம் தேதி நியூயார்க் பிராட்வேயில் வர்ஜினியா தியேட்டர் என்று இருந்த அரங்கத்துக்கு ஆகஸ்ட் வில்சன் பெயரைச் சூட்டினார்கள். பிராட்வேயில் கறுப்பர் ஒருவரின் பெயர் தாங்கிய முதல் அரங்கம் அது. பெயர் வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்துகொண்டுதான் கண் மூடினார்.

செய்தி வந்ததிலிருந்து நீங்கள் கேட்பது ஒன்றைத்தான்: இரங்கல் கூட்டம் எப்போது? பிப்ரவரியில் ஆர்தர் மில்லர் இறந்தபோது கூடினோம், அதே மாதிரி ஒன்று வைத்துவிடலாம் என்கிறீர்கள். கூடுவோம். ஆனால் அதே மாதிரி வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

மில்லர் கூட்டத்தில் நல்ல பேச்சுகள் இருந்தன. கம்யூனிஸ்டுகளைத் தேடிய அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன்னால் அவர் யாரையும் காட்டிக்கொடுக்காமல் நின்றதை ஒருவர் சொன்னபோது அரங்கமே அசையாமல் கேட்டது. அப்படியும், மில்லர் எழுதிய ஒரு வசனம்கூட அந்த மாலையில் யார் வாயிலிருந்தும் வரவில்லை. நாடகக்காரர் ஒருவருக்கு நாடகக்காரர்கள் எடுத்த கூட்டத்தில் நாடகம் இல்லாமல் போயிற்று. வில்சனுக்கும் அப்படி ஆகிவிட்டால் எனக்குத் தாங்காது.

புதிதாக நம்மோடு சேர்ந்திருக்கும் பிள்ளைகளில் பலர் அவர் பெயரை இப்போதுதான் கேள்விப்படுகிறார்கள். அவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1945இல் பிறந்தவர். முன்பக்கம் மளிகைக்கடை, பின்பக்கம் வெந்நீர்க் குழாய் இல்லாத இரண்டு அறை, அதற்குள் தாயும் ஆறு பிள்ளைகளும். தந்தை ஐரோப்பாவில் ஜெர்மன் பேசும் பகுதியிலிருந்து வந்த வெள்ளையர், ரொட்டி சுடுபவர், வீட்டில் தங்காதவர். தாய் டெய்சி வில்சன் பிறர் வீடுகளைத் துடைத்துப் பெருக்கிப் பிள்ளைகளை வளர்த்தார். நான்கு வயதில் மகனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். ஃப்ரெடெரிக் ஆகஸ்ட் கிட்டல் என்று வைத்த பெயரை, 1965இல் தந்தை இறந்த பிறகு, தாயின் குடும்பப் பெயரோடு ஆகஸ்ட் வில்சன் என்று மாற்றிக்கொண்டார். பதினைந்து வயதில் நெப்போலியனைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை, நீயாக எழுதியதல்ல என்று ஆசிரியர் சந்தேகித்தார். நிரூபிக்க மறுத்துப் பள்ளியை விட்டு வெளியேறினார். வீட்டுக்குத் தெரியாமல் தினமும் கார்னகி நூலகத்தில் போய் உட்கார்ந்தார். பள்ளி தராத சான்றிதழைப் பல ஆண்டு கழித்து அந்த நூலகமே அவருக்குக் கொடுத்தது.

இருபதாம் நூற்றாண்டின் பத்துப் பத்தாண்டுகளுக்கும் ஒவ்வொன்றாகப் பத்து நாடகங்கள் எழுதினார். அதில் ஒன்பது ஹில் பகுதியில் நடப்பவை, ஒன்று சிகாகோவில். 'ஃபென்சஸ்' 1987இல் புலிட்சர் பெற்றது, 'தி பியானோ லெசன்' 1990இல் பெற்றது. 1990களைச் சொல்லும் கடைசி நாடகமான 'ரேடியோ கோல்ஃப்' இந்த ஏப்ரலில்தான் யேல் ரெப்பர்டரி அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. நோய் தெரிந்த பிறகும் அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். எடுத்துக்கொண்ட வேலையை முடித்த ஆண்டிலேயே இறந்துபோனார். முடித்துவிட்டார் என்று ஆறுதல் கொள்ளலாம் என்கிறார் நம் நண்பர் ஒருவர். எனக்கு அந்த ஆறுதல் வரவில்லை. பத்தை முடித்த கை அடுத்து என்ன எழுதியிருக்கும் என்றுதான் மனம் போகிறது.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். தம் தாயைப் பற்றி வில்சன் பேட்டிகளில் சொல்லிவந்த சம்பவம் ஒன்று உண்டு. வானொலியில் ஒரு போட்டி. ஒரு விளம்பர வாசகம் எந்த நிறுவனத்துடையது என்று சரியாகச் சொல்பவருக்கு ஸ்பீட் குவீன் துணி துவைக்கும் இயந்திரம் பரிசு. டெய்சிக்கு விடை தெரிந்துவிட்டது. வீட்டில் தொலைபேசி இல்லை. காசைக் கொடுத்துப் பெரிய பிள்ளையை ஓடிப்போய்ப் பேசச் சொன்னார். பரிசு அவருக்குத்தான். ஜெயித்தவர் கறுப்பினப் பெண் என்று தெரிந்ததும், புதிய இயந்திரத்துக்குப் பதிலாக, தர்மக் கடையில் பழைய இயந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சீட்டு தருவதாகச் சொன்னார்கள். ஆறு பிள்ளைகளின் துணியைக் கையால் தேய்த்துக்கொண்டிருந்த பெண். பழையதானாலும் இயந்திரம் இயந்திரம்தானே, வாங்கிக்கொள் என்றார்கள் அக்கம்பக்கத்தார். டெய்சி வாங்கவில்லை. தம் காசில் புதிதாக ஒன்று வாங்க முடிகிற வரை கையாலேயே துவைத்தார்.

இதை மனதில் வைத்துக்கொண்டு 'டூ ட்ரெயின்ஸ் ரன்னிங்' நாடகத்துக்கு வாருங்கள். 1969. வைலி அவென்யூவில் மெம்ஃபிஸ் லீ என்பவரின் சின்னச் சாப்பாட்டுக்கடை. எதிரே லட்ஸ் என்ற வெள்ளைக்காரரின் இறைச்சிக்கடை. பக்கத்தில் வெஸ்ட் என்பவரின் சவ அடக்க நிலையம். அந்தத் தெருவில் நன்றாக ஓடுகிற வியாபாரம் அது ஒன்றுதான். தெருவையே நகராட்சி இடிக்கப்போகிறது. இது கற்பனை இல்லை. 1950களின் பிற்பாதியில் ஹில் பகுதியின் கீழ்ப்பாதியை, 95 ஏக்கர், அரங்கம் கட்டவும் சாலை போடவும் என்று இடித்துத் தள்ளினார்கள். சுமார் 8,000 பேர் வீடிழந்தார்கள். மீதியிருந்த மேல்பாதியில் உட்கார்ந்துதான் இந்த நாடகத்து மனிதர்கள் காபி குடிக்கிறார்கள், லாட்டரி எண்ணுக்குப் பணம் கட்டுகிறார்கள், பீன்ஸும் சோள ரொட்டியும் தின்கிறார்கள்.

அந்தக் கடைக்குத் தினமும் ஒருவர் வருவார். பெயர் ஹாம்போன். ஒன்பதரை ஆண்டுகளுக்கு முன்னால் லட்ஸின் கடை வேலிக்குப் பெயின்ட் அடித்தவர். வேலை நன்றாக இருந்தால் உப்பிட்ட பன்றித்தொடை ஒன்று, சுமாராக இருந்தால் ஒரு கோழி என்பது பேச்சு. முடித்தபோது லட்ஸ் கோழியை நீட்டினார். ஹாம்போன் வாங்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் காலையில் இறைச்சிக்கடை திறக்கும்போது வாசலில் நின்று தன் பன்றித்தொடையைக் கேட்கிறார். லட்ஸ் கோழியை எடுத்துக்கொள் என்கிறார். அவர் திரும்பி வந்துவிடுகிறார். மறுநாள் மறுபடி போகிறார். ஒன்பதரை ஆண்டுகளில் மற்ற எல்லாச் சொற்களும் அவரிடமிருந்து உதிர்ந்துவிட்டன. பன்றித்தொடையைக் கேட்கும் இரண்டு வாக்கியங்கள் மட்டும் மிச்சம்.

மெம்ஃபிஸுக்கு அவரைக் கண்டால் எரிச்சல். கோழியை வாங்கித் தின்றுவிட்டுப் போயிருக்கலாமே, பைத்தியம் என்று கத்துகிறார். ஒருமுறை கடையை விட்டே விரட்டுகிறார். ஹாலோவே என்ற முதியவர் மட்டும் வேறு மாதிரி யோசிக்கிறார். வெள்ளைக்காரன் எதை வீசினாலும் பொறுக்கிக்கொள்ளும் நம்மைவிட அவனுக்குத்தான் புத்தி அதிகமோ என்கிறார். ரீசா என்ற பணிப்பெண் ஒன்றும் பேசாமல் அவருக்குச் சூப் ஊற்றிக் கொடுக்கிறாள், குளிர் தாங்கக் கோட்டு கொடுக்கிறாள். சிறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த ஸ்டெர்லிங் என்ற இளைஞன் அவருக்குப் புதிய சொற்கள் சொல்லிக்கொடுக்கிறான். ஒரு நாள் ஹாம்போன் தூக்கத்திலேயே இறந்துபோகிறார். உடலைக் குளிப்பாட்டிய வெஸ்ட் கடைக்கு வந்து, அந்த உடம்பில் இருந்த தழும்புகள்போல் எங்கும் பார்த்ததில்லை என்கிறார். வாழ்நாளெல்லாம் பிணங்களைப் பார்த்தவர் சொல்கிறார். அந்தத் தழும்புகள் எங்கே, எப்படி வந்தன என்று நாடகத்தில் யாரும் சொல்வதில்லை. கேட்டறிய இனி வழியும் இல்லை.

நாடகம் முடிகிற கட்டம். மெம்ஃபிஸின் கடைக்கு நகராட்சி 35,000 டாலர் கொடுத்துவிட்டது. அவர் கேட்டுக்கொண்டிருந்தது 25,000. பூரித்துப்போயிருக்கிறார். மிசிசிப்பியில் தன்னிடமிருந்து பிடுங்கிய நிலத்தைத் திரும்பக் கேட்கப் போகப்போவதாகச் சொல்கிறார். ஹாம்போனை விரட்டிய அதே மனிதர், அவருக்கு மலர்வளையம் வாங்கச் சொல்லி ரீசாவிடம் பணம் கொடுக்கிறார். அப்போது வெளியே கண்ணாடி உடையும் சத்தம், அலாரம் அலறுகிறது. ஸ்டெர்லிங் உள்ளே வருகிறான். முகத்திலும் கையிலும் ரத்தம். கையில் பெரிய பன்றித்தொடை. வெஸ்டிடம் கொடுத்து, ஹாம்போனின் சவப்பெட்டிக்குள் வைக்கச் சொல்கிறான்.

நான் நாடகம் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து இதற்கு இணையான அஞ்சலியை எந்த மேடையிலும் கண்டதில்லை. செத்தவருக்கு என்ன வேண்டும் என்று ஸ்டெர்லிங் தன் விருப்பப்படி முடிவு செய்யவில்லை. செத்தவர் ஒன்பதரை ஆண்டுகளாகத் தினமும் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டான், அதையே கொண்டுவந்தான். கடைக்கண்ணாடியை உடைத்துத்தான் கொண்டுவர முடிந்தது. டெய்சி வில்சன் மறுத்த பழைய இயந்திரமும் ஹாம்போன் மறுத்த கோழியும் என் வாசிப்பில் ஒரே பொருள்தான். பத்து நாடகங்களிலும் இந்தக் கணக்கு வந்துகொண்டே இருக்கிறது: சேரவேண்டியது ஒன்று, நீட்டப்படுவது வேறொன்று, வாங்கிக்கொள்வதா வேண்டாமா? 'ஃபென்சஸ்' நாடகத்து டிராய் மேக்ஸன் ஒரு காலத்தில் கறுப்பர் லீக்கில் பேஸ்பால் ஆடியவர். இப்போது குப்பை வண்டியில் வேலை. வெள்ளையர் வண்டி ஓட்ட, கறுப்பர் மட்டும் ஏன் குப்பைத் தொட்டி தூக்கவேண்டும் என்று அவர் கேட்கும் கேள்வியில்தான் அந்த நாடகம் தொடங்குகிறது.

இந்த மனிதர்களின் பேச்சை வில்சன் எங்கிருந்து எடுத்தார் என்பதை நாடகம் எழுதும் நம் பிள்ளைகள் கவனிக்கவேண்டும். அவர் முதலில் கவிஞர். 1965 ஏப்ரலில் இருபது டாலருக்குப் பழைய தட்டச்சு இயந்திரம் வாங்கி, டிலன் தாமஸ் சாயலில் கவிதை எழுதிக்கொண்டிருந்தார். அதே ஆண்டு பழைய பொருள் கடையில் வாங்கிய இசைத்தட்டுகளில் பெஸ்ஸி ஸ்மித்தின் ப்ளூஸ் பாட்டு ஒன்று அகப்பட்டது. அதைத் திரும்பத் திரும்ப, இருபத்திரண்டு முறை போட்டுக் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார். தன்னைச் சுற்றியிருந்த வாடகை அறைவாசிகளை, கிழவர்களை, வேலையற்றவர்களை அந்தப் பாட்டுக்குப் பிறகுதான் வேறு கண்ணால் பார்த்தாராம். கிளாட் மெக்கே எழுதிய நாவலில் பிட்ஸ்பர்க்கின் 'பாட்ஸ் பிளேஸ்' என்ற இடத்தைப் பற்றிப் படித்துவிட்டுத் தேடிப் போனார். சுருட்டுக் கடை. ரயிலில் சுமை தூக்கி ஓய்வுபெற்ற முதியவர்கள் அங்கே கூடிப் பேசுவார்கள். பையன் ஓரமாக நின்று கேட்டான். உணவகங்களில் உட்கார்ந்து காகித நாப்கினில் எழுதுவது வழக்கமாயிற்று.

கேட்டதெல்லாம் உடனே நாடகமாகிவிடவில்லை. 1968இல் நண்பர் ராப் பென்னியோடு சேர்ந்து ஹில் பகுதியில் 'பிளாக் ஹொரைசன்ஸ்' நாடகக் குழுவைத் தொடங்கினார். பாத்திரங்களை எப்படிப் பேசவைக்கிறாய் என்று பென்னியைக் கேட்டபோது, பேசவைக்காதே, அவர்கள் பேசுவதைக் கேள் என்று பதில் வந்தது. அது உள்ளே இறங்கப் பத்தாண்டு பிடித்தது. 1978இல் மினசோட்டாவின் செயின்ட் பால் நகருக்குக் குடிபோனார். கறுப்பர்கள் மிகக் குறைவான ஊர். அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் குறுநாடகங்கள் எழுதும் வேலை. அங்கே, ஹில் பகுதியின் பேச்சுச் சத்தம் காதில் விழாத இடத்தில், அந்தக் குரல்கள் அவருக்குத் தெளிவாகக் கேட்கத் தொடங்கின. மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் விற்கும் கடை ஒன்றில் உட்கார்ந்து பத்தே நாளில் 'ஜிட்னி'யை எழுதி முடித்தார். உரிமம் பெற்ற டாக்சிகள் ஹில் பகுதிக்கு வர மறுத்ததால் அங்குள்ளவர்களே உரிமம் இல்லாமல் ஓட்டிய வாடகைக் கார்களின் நிலையம்தான் கதைக்களம்.

அதை ஓநீல் நாடக மையத்துக்கு அனுப்பினார். திருப்பி அனுப்பினார்கள். சரியாகப் படித்திருக்கமாட்டார்கள் என்று அதே பிரதியை மறுபடி அனுப்பினார். மறுபடி திரும்பி வந்தது. 1982இல் 'மா ரெய்னிஸ் பிளாக் பாட்டம்' அங்கே ஏற்கப்பட்டபோதுதான், அந்த மையத்தில் புதிய நாடகங்களை வளர்த்துவந்த லாயிட் ரிச்சர்ட்ஸ் அவர் வாழ்க்கைக்குள் வந்தார். 1959இல் லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் நாடகத்தை பிராட்வேயில் இயக்கிய முன்னோடி. வில்சனின் ஆறு நாடகங்களை பிராட்வேக்குக் கொண்டுபோனவர் அவர். தந்தையிடம் கிடைக்காததை வில்சன் அவரிடம் பெற்றார் என்று நான் நினைக்கிறேன். ரிச்சர்ட்ஸுக்கு இப்போது எண்பத்தாறு வயது. இந்த மாதம் அவருக்கு எப்படிக் கழிகிறதோ.

இப்போது நம்மிடையே எழுந்திருக்கும் வாக்குவாதத்துக்கு வருகிறேன். இரங்கல் கூட்டம் மட்டும் போதாது, 'ஃபென்சஸ்' நாடகத்தையே தமிழ்ச் சூழலுக்கு மாற்றி மேடையேற்றுவோம் என்று உங்களில் சிலர் சொல்கிறீர்கள். டிராய் மேக்ஸன் குப்பை அள்ளுகிறவர். நம் ஊர் துப்புரவுத் தொழிலாளியாக அவரை மாற்றிவிட்டால் அப்படியே பொருந்துமே என்கிறீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனாலும் வேண்டாம் என்பது என் கருத்து. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1996 ஜூன் 26 அன்று, பிரின்ஸ்டனில், அமெரிக்க நாடக அமைப்புகளின் மாநாட்டில் வில்சன் நீண்ட உரை ஆற்றினார். நாட்டின் பெரிய தொழில்முறை அரங்குகளின் கூட்டமைப்பில் இருந்த 66 அரங்குகளில் ஒன்றே ஒன்றுதான் கறுப்பர்களுடையது என்று கணக்கு வைத்தார். வெள்ளையருக்காக எழுதிய பாத்திரங்களில் கறுப்பர்களை நடிக்கவைப்பதைத் தாராள மனம் என்று கொண்டாடாதீர்கள், எங்கள் நாடகத்தை நாங்கள் போட எங்களுக்கு அரங்கும் பணமும் வேண்டும் என்றார். அதற்கு எடுத்துக்காட்டாக அவர் சொன்னது மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்'. அதை முழுக்கக் கறுப்பு நடிகர்களைக் கொண்டு போடுவது தம் மக்களுக்குச் சொந்தமான மனிதத்தன்மையை மறுப்பதாகும் என்றார். நாடக உலகம் பிளவுபட்டது. விமர்சகர் ராபர்ட் புரூஸ்டீன் கடுமையாக எதிர்த்து எழுதினார். மறு ஆண்டு ஜனவரியில் நியூயார்க் டவுன் ஹாலில் இருவரும் ஒரே மேடையில் நேருக்கு நேர் வாதாடினார்கள். 'ஃபென்சஸ்' நாடகத்தைப் படமாக்க ஸ்டுடியோ வந்தபோதும், கறுப்பர் ஒருவர்தான் இயக்கவேண்டும் என்றார் வில்சன். அவர் உயிரோடு இருந்தவரை அந்தப் படம் எடுக்கப்படவில்லை.

வில்சனின் நாடகங்களை வளர்த்தவையும் வெள்ளையர் நடத்திய அரங்குகள்தானே என்று எதிர்த் தரப்பு கேட்டது. நியாயமான கேள்வி. யேல், பாஸ்டன், சிகாகோ, சியாட்டில் என்று அந்த அரங்குகள் வழியாகத்தான் ஒவ்வொரு நாடகமும் செதுக்கப்பட்டது. அந்த முரண்பாடு அவரிடம் இருந்தது. அதற்காக அவர் கேட்டது தவறாகிவிடாது. பசித்தவன் அடுத்த வீட்டில் சாப்பிட்டான் என்பதால் அவனுக்குச் சொந்த அடுப்பு வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

பிரெக்டையும் செகாவையும் நாம் தமிழில் போட்டோமே, வில்சனை மட்டும் ஏன் விலக்கவேண்டும் என்று கேட்பீர்கள். அவர்கள் யாரும் இதைப் பற்றி இப்படி ஒரு வேண்டுகோளை வைத்துவிட்டுப் போகவில்லை. வில்சன் வைத்தார், வாழ்நாள் முழுக்க அதற்காகச் சண்டை போட்டார், படம் எடுக்கப்படாமல் போனாலும் போகட்டும் என்று நின்றார். நம் ஊர்த் துப்புரவுத் தொழிலாளியின் வீட்டுப் பின்முற்றத்தில் நடக்கும் நாடகம் நமக்கு அவசியம் வேண்டும். அதை அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளை எழுதவேண்டும், அந்தப் பிள்ளையின் கையில் ஒத்திகைக் கூடத்தின் சாவியும் செலவுக்குப் பணமும் இருக்கவேண்டும். நம் குழுவில் இன்றைக்கு அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சுற்றிப் பாருங்கள். பிட்ஸ்பர்க் கதையைத் தூக்கி வந்து அந்தத் தொழிலாளிக்கு மாட்டிவிடுவது அவருக்குக் கோழியைக் கொடுப்பதுதான். வில்சனுக்கும்தான்.

என் யோசனை இது. நாடகம் போடவேண்டாம், படிப்போம். அடுத்த மாதம் முதல், மாதம் ஒரு நாடகம், சத்தமாக, பாத்திரம் பிரித்து, வெட்டாமல். வேடம் வேண்டாம், முகத்தில் மை வேண்டாம், இசை சேர்க்க வேண்டாம். எழுதிய வரிசையில் படிக்காமல் கதை நடக்கும் காலவரிசையில் படிக்கலாம் என்று முதலில் நினைத்தேன். 1904இல் நடக்கும் 'ஜெம் ஆஃப் தி ஓஷன்' முதலாவதாக வரவேண்டும். அதில்தான் எஸ்தர் அத்தை நம் கண்ணெதிரே வருகிறாள். அப்போதே அவளுக்கு வயது 285. அடிமைகள் வர்ஜினியாவில் இறக்கப்பட்ட 1619ஐ ஒட்டிப் பிறந்தவள். ஒரு மக்களின் நினைவு முழுவதையும் சுமப்பவள். 1985இல் நடக்கும் 'கிங் ஹெட்லி II' நாடகத்தில், 366ஆவது வயதில், துக்கம் தாளாமல் இறந்துபோகிறாள். 'ரேடியோ கோல்ஃப்' நாடகத்தில் அவள் வாழ்ந்த வைலி அவென்யூ 1839ஆம் எண் வீட்டை இடிக்க வருகிறார்கள். இந்த ஓட்டத்தை வரிசையாகக் கேட்டால் வில்சன் என்ன கட்டினார் என்பது பிடிபடும். ஆனால் 'ஜெம்' நாடகமும் 'ரேடியோ கோல்ஃப்' நாடகமும் இன்னும் நம் கையில் இல்லை. கிடைக்கும்வரை காத்திருக்காமல் 'டூ ட்ரெயின்ஸ் ரன்னிங்' நாடகத்திலிருந்து தொடங்குவோம். அதன் கரட்டு மொழிபெயர்ப்பு என்னிடம் தயாராக இருக்கிறது. பேச்சுத் தமிழில்தான் செய்திருக்கிறேன். குறிப்பிட்ட எந்த வட்டாரத்தையும் சாதியையும் காட்டும் வழக்கை வலிந்து ஏற்றவில்லை. படிக்கும்போது நாக்கில் இடறும் இடங்களைச் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. இடைவேளை ஒன்று விடுவோம். வாழ்க்கை வரலாற்றுப் பேச்சு, கவிதாஞ்சலி, தலைமையுரை எதுவும் முன்னால் வேண்டாம். படித்து முடித்தபின் யாருக்காவது பேசத் தோன்றினால் பேசட்டும். தோன்றாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அனுமதிச் சீட்டு இல்லை, நன்கொடையும் வாங்கப்போவதில்லை.

ஏழு பாத்திரங்கள். மெம்ஃபிஸின் நீண்ட பேச்சுகளுக்கு மூச்சுப் பிடிப்பு வேண்டும். மேடை அனுபவம் உள்ள மூத்தவர் யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். ஹாலோவே பகுதியை நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். ரீசா குறைவாகப் பேசுகிறவள். அவளைப் படிப்பவர் மற்றவர்கள் பேசும்போதும் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கக்கூடாது, ஏனென்றால் அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஸ்டெர்லிங், லாட்டரிப் பணம் வசூலிக்கும் உல்ஃப், வெஸ்ட் மூவருக்கும் பிள்ளைகளில் யார் வேண்டுமானாலும் வரலாம். ஹாம்போனுக்குத்தான் ஆள் வேண்டும். வசனம் குறைவு என்பதால் புதியவரிடம் தள்ளிவிடவேண்டாம். ஒரே வாக்கியத்தை ஒவ்வொரு முறையும் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்பதுபோலச் சொல்லத் தெரிந்தவர் நம்மில் யார் என்று நீங்களே யோசித்து, இந்த வாரத்துக்குள் எனக்குத் தெரியப்படுத்துங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்